பாட்டில்லாத சிவாஜிப் படம்

முதலாம் வருடத்தில் 'அந்த நாள்' பார்த்தபோது எங்கள் நாலு பேரில் இரண்டு பேர் நித்திரை. மற்ற இரண்டு பேரும் யூரியூப்பில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தவை. சிவாஜி ஏற்கெனவே வேகமாகக் கதைக்கிற ஆள். ஒன்றரை மடங்கில் மீன் சந்தையில் ஏலம் கூறுகிறவர் மாதிரி இருந்தார். ஒரு பாடத்துக்குக் குறிப்பு எழுதவேண்டி இருந்தது. தமிழில் பாட்டே இல்லாமல் வந்த முதல் படம், குரோசவாவின் ரஷோமோன் பாதிப்பு, ஒளியும் நிழலும் என்று நாலு வரி எழுதிக் கொடுத்து மாக்ஸும் வாங்கியாச்சு. கொலை செய்தது ஆர் எண்டதைக் கூட விக்கிபீடியாவில்தான் வாசித்தோம்.

இந்த லீவில் அதைத் திரும்பப் போட்டதுக்குக் காரணம் விக்ரம். உளவாளிப் படம் எண்டால் எங்கட வயசுக்கு விக்ரம்தானே. 2022 ஜூனில் லோகேஷ் கனகராஜின் விக்ரம் வந்தபோது நாடு முழுக்கப் பெற்றோல் வரிசை. நாங்கள் அப்ப ஒருத்தரை ஒருத்தர் அறியாதவை. ஆளாளுக்கு ஒவ்வொரு ஊரில் சைக்கிள் மிதித்தும் பஸ்ஸுக்குத் தொங்கியும் போய்ப் பார்த்திருக்கிறோம். வீட்டு வேலை செய்துகொண்டிருந்த அந்த அம்மா திடீரென்று 'ஏஜென்ட் ரீனா'வாகச் சண்டைக்கு இறங்கினபோது எல்லாரும் விசிலடித்ததும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. அந்தக் கதை வர, 1986இல் வந்த பழைய விக்ரமையும் பார்த்தோம். சுஜாதாவின் கதை, களவுபோன அக்னிபுத்ரா ஏவுகணை, சலாமியா என்ற கற்பனை நாடு. முதல் பாதி இப்பவும் விறுவிறுப்புத்தான், சத்யராஜின் வில்லத்தனம் இப்பவும் பயமுறுத்துது. சலாமியாவுக்குப் போன பிறகு படம் மாறுவேடப் போட்டியாகிவிடுகிறது. இதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், விடுவம்.

ஆனால் இரண்டு விக்ரமிலும் ஒரு வசதி இருக்கு. உளவாளி ஆர், அவன் எந்தப் பக்கம், ஏன் சுடுறான் எல்லாம் கடைசியில் எங்களுக்குத் தெரிந்துவிடும். அவன் எங்கட ஆள். அதனால்தான் விசிலடிக்கிறோம். எங்களில் ஒருத்தி, முல்லைத்தீவுக்காரி, அந்த நேரத்தில்தான் கேட்டாள்: "ஒரு உளவாளியை எங்கட ஆள் எண்டு நினைக்காமல் எடுத்த தமிழ்ப் படம் இருக்கோ?" இருந்தது. அதைத்தான் நாங்கள் நித்திரையில் விட்டிருந்தோம்.

அந்த நாளில் உளவாளி கதாநாயகன் இல்லை. படம் தொடங்கும்போதே அவன் பிணம்.

(முடிவைச் சொல்லப் போறம். எழுபது வருசப் படம். இதுக்கு மேலும் காத்திருக்கேலாது.)

திருநெல்வேலியில் நாங்கள் வாடகைக்கு இருக்கிற வீட்டுச் சொந்தக்கார அம்மம்மாவுக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது. சனிக்கிழமை இரவுகளில் அவவுக்கு நாடகம் இல்லை. ஹோலில் லப்டொப்பைக் கதிரையில் வைத்து நாங்கள் படம் போட்டால், வெற்றிலைத் தட்டோடு வந்து சாய்மனைக் கதிரையில் இருப்பா. விக்ரமுக்குப் பத்து நிமிசத்தில் எழும்பிப் போனவ, சிவாஜி பேரைக் கேட்டவுடன் கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தா. சின்ன வயசில் தகப்பனோடு ரவுணில் ஒரு தியேட்டரில் இந்தப் படத்தைப் பார்த்தவவாம். "பாட்டு வரும் பாட்டு வரும் எண்டு பார்த்துக்கொண்டே இருந்தனாங்கள், படம் முடிஞ்சிட்டுது. ஐயா வழி முழுக்க ஏசிக்கொண்டு வந்தவர்."

ஐயா மட்டும் இல்லை. 1954 ஏப்ரலில் படம் வந்தபோது தமிழ்நாட்டிலேயே சனம் ஏமாந்து போனது. பாட்டும் இல்லை, ஆட்டமும் இல்லை, சண்டையும் இல்லை. பராசக்தி வந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. அந்தச் சிவாஜியை நாட்டைக் காட்டிக்கொடுக்கிறவனாக, மனைவிக்குத் துரோகம் செய்கிறவனாகக் காட்டினால் ஆர் பார்ப்பினம்? தேசிய விருதுகளில் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது, காசு கிடைக்கேல்லை. இயக்கிய எஸ். பாலச்சந்தருக்கு அப்போது 27 வயது. வீணை பாலச்சந்தர் என்று உலகம் அறிந்த அதே ஆள். ஒரு பெரிய இசைக்காரர் பாட்டே இல்லாமல் படம் எடுத்திருக்கிறார் என்பதை முதல் தடவை நாங்கள் கவனிக்கவே இல்லை. கல்கத்தாவில் பேராசிரியராக இருந்த என். விஸ்வநாதனை வைத்துத்தான் முதலில் கொஞ்சம் எடுத்தார்களாம். பிறகுதான் சிவாஜி வந்தார். வந்தது நல்லது. அந்த முகம் இல்லாவிட்டால் இந்தப் படம் ஒரு நல்ல துப்பறியும் நாடகத்தோடு நின்றிருக்கும்.

கதை இதுதான். 1943 ஒக்ரோபர் 11 இரவு யப்பானிய விமானம் சென்னையில் குண்டு போட்டது. அது உண்மையாக நடந்தது. அந்தக் குண்டுவீச்சுக் காலத்தில் றேடியோ எஞ்ஜினியர் ராஜன் தன் வீட்டில் சுடப்பட்டுச் செத்துக் கிடக்கிறான். சி.ஐ.டி. சிவானந்தமாக ஜாவர் சீதாராமன் வருகிறார், திரைக்கதையும் அவருடையதுதான். பக்கத்து வீட்டுக்காரர், ராஜனின் தம்பி பட்டாபி, தம்பியின் மனைவி ஹேமா, ராஜனோடு தொடர்பு வைத்திருந்த அம்புஜம், மனைவி உஷா என்று ஒவ்வொருவராக இருத்தி வைத்துக் கேட்கிறார். ஒவ்வொருவரும் இன்னொருவரைக் கைகாட்டுகிறார்கள். ஒவ்வொரு சாட்சியத்திலும் ராஜன் வேற ஆள். ஒருத்தருக்குக் காசு விசயத்தில் கல்நெஞ்சன், இன்னொருத்தருக்கு ஆசைகாட்டி ஏமாத்துறவன், உஷாவுக்குக் கல்லூரியில் கண்டு காதலித்த கெட்டிக்காரன்.

இப்ப பார்க்கேக்க எது நிக்குது, எது நிக்கேல்லை?

வேகம் நிக்குது. இரண்டு மணித்தியாலம் சொச்சம், பாட்டுக்கு எழும்பிப் போக இடமில்லை. சரியான வேகத்தில் பார்த்தால்தான் தெரியுது, சிவாஜி இதில் கத்தவே இல்லை. வசனத்தின் நடுவில் ஒரு அரைச் சிரிப்பு சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு ஒரு சாட்சியத்தில் கர்வமாகவும் இன்னொன்றில் கவர்ச்சியாகவும் இருக்கு. சுவரில் விழுகிற நிழல்களை மன்னார்க்காரி இரண்டு மூண்டு இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள், ஸ்கிரீன்சொட்டும் எடுத்து வைத்திருக்கிறாள்.

நிக்காதது பெண்கள். ஹேமாவுக்குப் படம் கொடுத்திருக்கிற வேலை நாக்கு நீட்டுறது மட்டும். அம்புஜம் ஆட்டக்காரி, ஆகவே சந்தேகத்துக்கு உரியவள் என்று படமே முடிவெடுத்துவிடுகிறது. சி.ஐ.டி.யின் பகிடிகளில் பாதி விளங்கவில்லை, விளங்கின பாதிக்குச் சிரிப்பு வரேல்லை. அம்மம்மா மட்டும் சிரித்தா.

அதைவிடப் பெரிய சண்டை ஒன்று படத்தின் நடுவில் வந்தது. ராஜன் குறைந்த செலவில் ஒரு கருவி கண்டுபிடிக்கிறான், அரசாங்கம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் யப்பானுக்கு இரகசியங்களை விற்கப் போகிறான். சரி. ஆனால் 1943இல் அது எந்த அரசாங்கம்? வெள்ளைக்காரன்ர அரசாங்கம். படத்தில் குண்டு விழுந்து பத்து நாளில், ஒக்ரோபர் 21, சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் யப்பானின் ஆதரவோடு தற்காலிக சுதந்திர இந்திய அரசாங்கத்தை அறிவிக்கிறார். மலாயாவில் இருந்த தமிழர்கள் எத்தனையோ பேர் அவருடைய படையில் சேர்ந்தவை. அதே யப்பானோடு சேர்ந்த போஸ் தலைவர், ராஜன் துரோகியா? 1954இல் சுதந்திர நாட்டில் இருந்துகொண்டு படம் எடுத்தவர்கள் இந்தக் கேள்வியை மெல்லத் தாண்டிப் போகிறார்கள். சம்பளத்துக்கும் பழிவாங்கவும் செய்தவன் வேற, விடுதலைக்காகச் செய்தவன் வேற எண்டு ஒருத்தி சொன்னாள். குண்டு விழுந்தால் சாகிற சனத்துக்கு அது ஒண்டுதான் எண்டு மற்றவள். 1942 ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் அதே யப்பான் குண்டு போட்டதையும் சேர்த்துக் கதைத்து, படத்தை அரை மணித்தியாலம் நிறுத்தி வைத்திருந்தோம். அம்மம்மா ஒருக்கா கண்ணயர்ந்து எழும்பினா.

பிறகு உஷாவின் கதை. கணவன் உளவாளி என்று அவள் கண்டுபிடிக்கிறாள். கெஞ்சுகிறாள், துப்பாக்கியை நீட்டுகிறாள், ஆனால் சுட முடியவில்லை. கை தளர்கிற நேரத்தில் வெளியில் குண்டு வெடிக்கிறது. அதிர்ச்சியில் விசை அழுந்துகிறது, ராஜன் விழுகிறான். பண்டரிபாயின் முகத்தில் அந்த இடத்தில் என்ன இருக்கு என்று எங்களால் சொல்ல முடியவில்லை. நிம்மதி இல்லை, வெறும் துக்கமும் இல்லை.

"படம் பயந்திட்டுது" என்றாள் முல்லைத்தீவுக்காரி. நாட்டுக்காகப் புருசனைச் சுட்டாள் எண்டு காட்டப் பயம், அதால விபத்தாக்கிப் போட்டாங்கள் எண்டது அவளின் வாதம். நாங்கள் மற்ற மூண்டு பேரும் முதலில் ஓம் எண்டுதான் சொன்னோம். பிறகு அவ்வளவு நிச்சயமாக இல்லை. துப்பாக்கியைத் தூக்கிற அளவுக்கு நியாயம் இருந்தும் சுடுகிற அளவுக்கு மனம் வராமல் நிற்கிற ஒரு ஆளை நாங்கள் எந்தத் தமிழ்ப் படத்தில் பார்த்திருக்கிறோம்? விக்ரமில் ஒருத்தரும் அப்படி நிற்கவில்லை.

படம் முடிந்து லைற்றைப் போட்டபோது அம்மம்மா எழும்பாமல் இருந்தா. கொஞ்ச நேரம் கழித்து, வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னா:

"ஒரு சாவுக்கு எத்தினை பேரைக் கூப்பிட்டு வைச்சு விசாரிக்கினம், பார் பிள்ளை."

நாங்கள் அதைச் சாதாரணமாகத்தான் எடுத்தோம். ஓம் அம்மம்மா, துப்பறியும் படம்தானே எண்டு ஒருத்தி சொன்னாள். அவ தலையை ஆட்டிவிட்டு, எங்களுக்குச் சொல்லுகிற மாதிரியும் இல்லாமல், இதே ஒழுங்கை முகப்பில் றேடியோ திருத்துகிற ஒருத்தர் இருந்த கதையைச் சொன்னா.

எண்பதுகளில் இந்தச் சுற்றுவட்டாரத்து வானொலிப் பெட்டி எல்லாம் அவரிட்டைத்தான் போகும். கை ராசிக்காரர். ஒரு சின்னக் கடை, உள்ளே வயர்களும் ஈய வாசமும். அம்மம்மாவின் வீட்டுப் பெட்டியை மூண்டு தரம் திருத்தித் தந்தவர், கடைசித் தரம் காசு வாங்கவில்லை. இந்தியன் ஆமி நிண்ட காலத்தில் ஒருநாள் ஆமிக்காரர் ஏதோ ஒரு சாமானைக் கொண்டுவந்து திருத்தச் சொல்லி நிண்டவங்கள். திருத்திக் கொடுத்தார். மாட்டன் எண்டு சொல்லக்கூடிய காலமோ அது? ரெண்டு மூண்டு தரம் வந்திருப்பாங்கள். அதே மாதங்களில் பக்கத்து ஊரில் சுற்றிவளைப்பு நடந்து, முகத்தை மூடின தலையாட்டி ஒண்டுக்கு முன்னால் பெடியளை வரிசையில் நடக்கவிட்டவங்கள். தலை ஆடினபடியால் கொண்டுபோன பெடியளில் அம்மம்மாவின் தமக்கையின் மகனும் ஒருத்தர். அவர் திரும்பி வந்தார். எல்லாரும் வரவில்லை. சாக்குக்குள்ளே இருந்தது ஆர் எண்டு ஊர் கதைக்கத் தொடங்கியது. சிலர் றேடியோக்காரர் எண்டிச்சினம். சிலர் இல்லை, அவர் அண்டைக்குக் கடையில நிண்டவர் எண்டிச்சினம்.

ஒரு விடியக்காலை அவர் சந்தி மின்கம்பத்தடியில் கிடந்தார். கழுத்தில் ஒரு மட்டை தொங்கினது. செய்தது ஆர் எண்டு அம்மம்மா சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

"அந்த மனிசி வாசல்ல நிண்டவ. நான் போகேல்லை. ஆரும் போகேல்லை. போனால் எங்களையும் ஏதும் நினைச்சிடுவாங்கள் எண்டு." பிறகு மனைவி பிள்ளைகளோடு கொழும்புக்குப் போய், அங்கிருந்து வெளியில் போய்விட்டாவாம். "அவர் செய்தவரோ இல்லையோ எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது பிள்ளை."

இந்த வகைச் சாவுகளைப் பற்றி நாங்கள் வாசித்திருக்கிறோம். 1975 ஜூலை 27இல் பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலடியில் மேயர் அல்பிரட் துரையப்பா துரோகி எனப்பட்டுச் சுடப்பட்டது எங்கட வரலாற்றுப் பாடக் குறிப்புகளில் ஒரு வரியாக இருக்கு. 'முறிந்த பனை'யை இரண்டாம் வருடத்தில் பிரதி எடுத்து வாசித்தோம். அதை எழுதியவர்களில் ஒருவரான ராஜனி திராணகம எங்கட பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் படிப்பித்தவர். 1989 செப்ரெம்பர் 21, வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது இதே திருநெல்வேலியில்தான் சுடப்பட்டார். இவை எல்லாம் தெரியும். தெரிந்தும், தலையாட்டிகளால் போனவர்களின் குடும்பங்களுக்கு முன்னால் "உளவாளிக்கும் விசாரணை வேணும்" எண்டு சொல்ல எங்களுக்கு வாய் வராது. மன்னார்க்காரியின் பெரியப்பாவைப் பிடித்ததும் அப்படி ஒரு தலைதான். காட்டிக்கொடுத்தவன் இருந்தவன். அதில் சந்தேகமில்லை. அது எந்தத் தலை எண்டதுதான் தெரியாது.

அந்த நாள் படத்தைத் திரும்பப் பார்த்ததில் எங்களைப் பிடித்து வைத்தது இதுதான். படத்தில் துப்பாக்கி முதலில் வெடிக்கிறது, பிறகு இரண்டு மணித்தியாலம் விசாரிக்கிறார்கள். செத்தவன் நல்லவன் என்று கடைசியில் வருவதும் இல்லை; அவன் குற்றவாளிதான். எண்டாலும் அவனுக்குத் தம்பி இருந்தான், ஒரு காலத்தில் அவனை ஒருத்தி விரும்பினாள், அவனுடைய கருவியை ஒருவரும் மதிக்கவில்லை என்று எல்லாம் எங்களுக்குச் சொல்லியாகிறது. அவனைச் சுட்டவளுக்கும் தன் கதையைச் சொல்ல ஒரு கதிரை கிடைக்கிறது. எங்கட ஒழுங்கையில் முதல் பாதி மட்டும் நடந்தது. மட்டையில் எழுதியிருந்ததுதான் விசாரணையும் தீர்ப்பும். முப்பத்தைந்து வருசத்துக்கு மேலாகச் சாட்சிகள் எல்லாரும் அவரவர் வீட்டில் இருக்கினம். ஒரு சிவானந்தமும் வரவில்லை.

எங்களுக்கே இது புதுசு மாதிரிக் கதைக்கவும் ஏலாது. இப்பவும் நாங்கள் ஒரு கூட்டம், ஒரு நினைவு நிகழ்வு எண்டு வைத்தால், கேற்றுக்கு வெளியே மோட்டச்சைக்கிளில் ஒட்ட வெட்டின தலைமயிரோடு ஒருத்தர் போனில் கதைக்கிற மாதிரி நிப்பார். அவரைக் கண்டுபிடிக்கச் சுஜாதா தேவையில்லை. பயம் அவரில் இல்லை. நிகழ்வு முடிந்து இரண்டு நாளில், உள்ளே கதைத்த ஏதோ ஒன்று வெளியில் போயிருப்பது தெரிந்தவுடன் நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கிறோமே, அந்தப் பார்வையில்தான். போன வருடம் எங்கட பச்சில் ஒரு பெடியனைப் பற்றி அப்படி ஒரு கதை கிளம்பியது. வற்சப் குறூப்பில் இருந்து அவனை எடுத்தாச்சு. எடுத்தது நாங்கள்தான், இந்த நாலு பேரில் ஒருத்தி அட்மின். அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டோமா? இல்லை. அவன் இப்ப விரிவுரைக்கு வந்து பின்வாங்கில் தனிய இருந்துவிட்டுப் போகிறான். சுடுறதும் குறூப்பில் இருந்து எடுக்கிறதும் ஒண்டில்லை எண்டு எங்களுக்கும் தெரியும். தெரிந்தும் அண்டிரவு அவனைப் பற்றிக் கதைக்காமல் எங்களுக்குப் படுக்க முடியவில்லை.

கதைத்தும் முடிவு வரேல்லை. கேட்பம் எண்டு இரண்டு பேர். கேட்டு, அவன் ஓம் எண்டு சொன்னால் என்ன செய்யிறது எண்டு ஒருத்தி. இல்லை எண்டு சொன்னால் அதைவிடக் கஷ்டம், என்ன முகத்தோட மன்னிப்புக் கேக்கிறது எண்டு மற்றவள்.

றேடியோ கடை இருந்த இடம் எங்களுக்குத் தெரியாத இடம் இல்லை. நாங்கள் நாலு பேரும் றீலோட் போடுகிற கடைதான் அது, இப்ப போன் திருத்துகிறார்கள். அடுத்த நாள் டேற்றா போடப் போனபோது வழக்கமாகப் பார்க்காத இடத்தையெல்லாம் பார்த்தோம். பழைய சீமெந்துப் படி ஒன்று இருக்கு, மற்றதெல்லாம் புதுசு. கடைக்காரப் பெடியனுக்கு எங்கட வயசுதான். "முந்தி இதில என்ன கடை அண்ணா?" எண்டு கேட்டோம். "தெரியாது அக்கா, நாங்கள் பத்தொன்பதிலதான் எடுத்தனாங்கள்" என்றான். அவன் அக்கா என்றதும் நாங்கள் அண்ணா என்றதும் கணக்குச் சரிவரேல்லை, அது வேற கதை.

வீட்டுக்கு வந்து அம்மம்மாவிடம் அவருடைய பேரைக் கேட்டோம். கன நேரம் யோசித்தா. மறந்துபோய் யோசிக்கிறாவோ, சொல்லுவமோ எண்டு யோசிக்கிறாவோ தெரியவில்லை. பிறகு பேரைச் சொன்னா. இதில எழுதாதேங்கோ எண்டும் சொன்னா, எழுதவில்லை.

பின்வாங்குப் பெடியனுக்கு நேற்று ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கிறோம். "கன்ரீனில ஒருக்காக் கதைக்கலாமோ?" மட்டும்தான். இரண்டு நீலச் சரி விழுந்திருக்கு, பதில் வரவில்லை.

வாற சனிக்கும் சிவாஜி படம்தான் போடவேணுமாம். பாட்டு இருக்கிறதாப் பார்த்துப் போடச் சொல்லி அம்மம்மாவின் கட்டளை.